அல்டோவுக்கு ஹெட்லைற் பல்ப் மாத்தவேணும்: 3200, 5000, 6000 கெல்வின், எதைப் போடுறது?

கொடிகாமத்தான்:

வணக்கம். வாகனம் சுசுக்கி அல்டோ 800, 2015. எச்4 பல்ப், 12 வோல்ற் 60/55 வாற்ஸ். வலப்பக்கத்து டிம் போயிட்டுது, அந்தப் பக்கம் ஹை பீம் மட்டும் எரியுது. இடப்பக்கத்து பல்ப்பும் அதே வயதுதான்.

கிழமையில மூண்டு நாள் இரவில ஏ9 வழிய கிளிநொச்சி போய்வாற ஓட்டம். பளைக்கு அங்கால வீதி லைற் இல்லாத இடங்களில கறுத்த மாடு படுத்திருந்தால் கிட்டப் போனாப்பிறகுதான் தெரியுது. மழைக்கு இன்னும் மோசம்.

ரவுணில ஒரு கடையில 5000 கெல்வின் நீலக் கண்ணாடி ஹலோஜன், 100/90 வாற்ஸ், அதைப் போடச் சொல்லினம். இன்னொரு கடையில 6000 கெல்வின் எல்.ஈ.டி. சோடி. பழைய மாதிரி மஞ்சள் வெளிச்சமே நல்லது எண்டும் ஆக்கள் சொல்லினம். எதைப் போடுறது? ஒரு பல்ப்பை மட்டும் மாத்தினால் காணுமோ? கழட்டிப் பூட்டுறதை வீட்டிலயே செய்யலாமோ?

கைதடி_ஒளி:

ரெண்டையும் மாத்துங்கோ. ஹலோஜன் இழை எரிய எரிய மெலிஞ்சுகொண்டு போகும். ஒரு பக்கம் அறுந்திட்டுதெண்டால் மற்றதும் முடியிற கட்டத்திலதான் நிக்கும். ஒண்டைப் புதுசாப் போட்டால் ஒரு பக்கம் வெள்ளையாயும் மற்றப் பக்கம் சாடையா மங்கலாயும் தெரியும்.

இனி நிறத்துக்கு வருவம். கெல்வின் எண்டது வெளிச்சத்தின்ர நிறம். எவ்வளவு வெளிச்சம் எண்டதைச் சொல்லுறது லூமன். வாற்ஸ் எண்டது பல்ப் எவ்வளவு மின்சாரம் தின்னுது எண்டது. கடையில மூண்டையும் ஒண்டாப் போட்டுக் கதைக்கிறதாலதான் குழப்பம். வழமையான எச்4 ஏறத்தாழ 3200 கெல்வின், 13.2 வோல்ற் குடுத்தால் டிம்முக்கு 1000 லூமன், ஹை பீமுக்கு 1650 லூமன் தரவேணும் எண்டது ஐ.நா. 37ஆம் இலக்க விதி. பெட்டியில வட்டத்துக்குள்ள ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அந்த விதிக்குச் சோதிச்ச பல்ப்.

இழை செய்யிற தங்குதன் 3695 கெல்வினில உருகிப்போகும். அதுக்கு மேல எந்த இழையும் நிக்காது. அப்ப 5000 கெல்வின் ஹலோஜன் எங்கால வந்தது? உள்ளுக்க இருக்கிறது அதே இழைதான். கண்ணாடிக்கு நீலம் பூசி, இழை தாற மஞ்சளையும் சிவப்பையும் மறிச்சுப்போட்டு மிச்சத்தை மட்டும் வெளிய விடுகினம். ஹலோஜன் தாற வெளிச்சத்தில பெரும்பங்கு அந்த மஞ்சள் சிவப்புப் பக்கம்தான். நீங்கள் காசு குடுத்து வெளிச்சத்தைக் குறைக்கிறியள். அந்தக் குறைவை மறைக்கத்தான் 100/90 வாற்ஸ். அந்த வாற்ஸ் ஹோல்டரைக் கருக்கும், வயரைச் சூடாக்கும், றிப்ளெக்ரரின்ர (பல்ப்பைச் சுத்தியிருந்து வெளிச்சத்தை முன்னுக்குத் தெறிக்க விடுற கிண்ணம்) வெள்ளிப் பூச்சை உரிச்சுப்போடும். அதை வாங்காதேங்கோ.

+30, +130 எண்டு பெட்டியில போட்டிருக்கிற தெளிந்த கண்ணாடி பல்ப்புகள் வேற சாமான். இழை சின்னதாயும் இறுக்கமாயும் இருக்கும், வாயு அழுத்தம் கூட. மொத்த லூமன் பெரிசா மாறாது; வெளிச்சத்தைத் தூரத்துக்கு ஒரு இடத்தில குவிக்கும். 130 எண்டது அந்த இடத்தை விதி கேக்கிற ஆகக் குறைஞ்ச அளவோட ஒப்பிட்டுச் சொல்லுற கணக்கு. மாடு பார்க்கிறதுக்கு அது உண்மையிலயே உதவும். ஆனால் ஆயுள் பாதியளவுக்கு இறங்கும். ஏ9 ஓட்டத்துக்கு என்ர தெரிவு, பிலிப்ஸ், ஒஸ்ராம், கொய்டோ மாதிரி ஒரு பெயரில தெளிந்த கண்ணாடி 60/55, +30.

மஞ்சளைப் பற்றியும் சொல்லவேணும். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைச்சுக்கொண்டு போகும் எண்டு கனபேர் நம்புகினம். மார்கழி, தை அதிகாலைப் பனித்துளி 10 மைக்ரோமீற்றர் அளவு. வெளிச்சத்தின்ர அலை ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. துளி இவ்வளவு பெரிசா இருந்தால் எல்லா நிறத்தையும் ஒரேமாதிரித்தான் சிதறடிக்கும். மஞ்சளில கண் கூசுறது குறைவு, நீலத்தில கூட. அந்தளவுதான். பிரான்சில 1930களின்ர கடைசியில இருந்து 1993 வரைக்கும் மஞ்சள் ஹெட்லைற்தான் சட்டம். பேந்து அவையளும் விட்டிட்டினம். மஞ்சளும் ஒரு பூச்சுத்தான், அதுவும் கொஞ்ச வெளிச்சத்தைத் தின்னும். பனிக்கு வேணுமெண்டால் கீழ பம்பரில போடுற லைற்றுக்கு மஞ்சளைப் போடுங்கோ.

கறள்_எதிரி:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனால் பல்ப் வாங்க முன்னம் ஒண்டு. யாழ்ப்பாணத்தில ஓடுற பத்து வருசம் கடந்த வாகனத்துக்கு லைற் மங்கல் எண்டால் முதல் சந்தேகம் பல்ப்பில இல்லை, வயரிலயும் எர்த்திலயும்தான் (எர்த் எண்டது கரண்ட் பொடி வழியாப் பற்றறிக்குத் திரும்பிப் போற இணைப்பு). உப்புக்காத்து. பண்ணைப் பாலத்தால தினம் போய்வாற வாகனத்தின்ர எர்த் போல்ற்றைக் கழட்டிப் பார்த்தால் வாசருக்குக் கீழ பச்சை, மண்ணிறம், வெள்ளைத் தூள் எல்லாம் இருக்கும்.

ஹலோஜன் வோல்ற்றுக்கு மிகவும் கூச்சப்படுற சாமான். 13.2 தரவேண்டிய இடத்தில 12.0 போனால் வெளிச்சம் 30 வீதம் போயிடும். 11.5 எண்டால் மூண்டில ஒரு பங்குக்கு மேல போச்சு. ஒரு பல்ப் 5 அம்பியர் கிட்ட இழுக்குது. பழுதான ஒரு இணைப்பு 0.1 ஓம் தடை குடுத்தாலே அரை வோல்ற் அதிலயே சூடாப் போயிடும். இப்பிடி மூண்டு இடம் இருந்தால் எந்தக் கெல்வின் போட்டும் பிரயோசனமில்லை.

பார்க்கிற முறை: எஞ்சின் ஓடவேணும், லைற் டிம்மில எரியவேணும், பல்ப் பிளக்கில பூட்டியிருக்கவேணும். பல்ப்பைக் கழட்டிப்போட்டு வெறும் பிளக்கில மீற்றர் வைச்சால் கரண்ட் ஓடாது, கறள் பிடிச்ச வயரும் 14 காட்டும், ஏமாந்துபோவியள். பிளக்கின்ர பின்பக்கத்தால மெல்லிய குண்டூசியைச் செருகி அளவுங்கோ. எச்4இன்ர பின்பக்கம் மூண்டு தகடு. மேல கிடையாப் படுத்திருக்கிறது டிம். மற்ற ரெண்டில எது பொது, எது ஹை பீம் எண்டதை மீற்றரால பாருங்கோ.

மூண்டு வாசிப்பு எடுங்கோ. பற்றறியில எவ்வளவு. பல்ப்பில எவ்வளவு. பிறகு எர்த் பக்கம் மட்டும்: கறுத்த முனையைப் பற்றறி நெகற்றிவில, சிவப்பை பல்ப்பின்ர எர்த் தகட்டில. 0.2க்கு மேல காட்டினால் எர்த் பழுது. எண்களை இஞ்ச போடுங்கோ.

சுன்னாகம்_ஸ்பனர்:

பூட்டுற வேலையை நான் சொல்லுறன். வீட்டில செய்யலாம், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிசம்.

லைற் அணைச்சு 15 நிமிசம் ஆறவிடுங்கோ. பொன்னற்றைத் திறந்து பின்பக்கத்தால கை போடவேணும். பற்றறி மறிச்சால் அதைக் கழட்டுங்கோ. நெகற்றிவ் முதல் கழட்டி, கடைசியாப் பூட்டவேணும்.

பிளக்கை நேர பின்னுக்கு இழுங்கோ. வயரில பிடிச்சு இழுக்காதேங்கோ; வராட்டி பிளக்கை மேலயும் கீழயும் மெல்ல அசைச்சால் வரும். வந்த உடன தகட்டுத் துளைகளைப் பாருங்கோ. பிளாஸ்ரிக் மண்ணிறமாகி உருகியிருந்தால் அந்தப் பிளக்கைத் திருப்பிப் பூட்டாதேங்கோ, பீங்கான் பிளக் ஒண்டு வாங்கி மாத்துங்கோ. பிறகு றப்பர் மூடி. காதுமாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதைப் பிடிச்சு உரியுங்கோ. உள்ள கம்பிக் கிளிப் இருக்கும். அதை முன்னுக்கு அமத்தி, பக்கவாட்டால கொளுவியில இருந்து விடுவிச்சால் பல்ப் கையில வரும்.

புதுப் பல்ப்பின்ர கண்ணாடியைத் தொடவேண்டாம். விரல் எண்ணெய் சூட்டில கண்ணாடியோட பிடிச்சு, அந்த இடம் மட்டும் கூடச் சூடாகி, வெள்ளையாகிப் பொங்கி, வெடிக்கும். தொட்டிட்டியள் எண்டால் மருந்துக்கடையில விக்கிற ஸ்பிரிற்றில ரிசுவை நனைச்சுத் துடைச்சுக் காயவிட்டுப்போட்டுப் பூட்டுங்கோ. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கோ, பல்ப்புக்குள்ள அழுத்தமான வாயு.

பல்ப்பின்ர வளையத்தில மூண்டு காது இருக்கு. அகலமானது மேல வரவேணும். மூண்டும் பள்ளத்துக்குள்ள இருந்தால் பல்ப் சுத்தாது, அசையாது. இதைச் சரியாப் பார்க்காம கிளிப்பை அமத்தினால் பல்ப் அரை மில்லிமீற்றர் சரிஞ்சு நிக்கும், வெளிச்சம் மரக் கொப்புக்குப் போகும். றப்பர் மூடியை பல்ப் வளையத்தோட சுத்திவர ஒட்டி அமத்துங்கோ. மூடி கிழிஞ்சிருந்தால் புதுசு போடுங்கோ. அந்தக் கிழிசலால போற ஈரம் ரெண்டு மாரியில றிப்ளெக்ரரைக் கறுப்பாக்கிப்போடும்.

கொடிகாமத்தான்:

நன்றி அண்ணைமார். +30 சோடி வாங்கிப் பூட்டியாச்சு. வாசிப்புகள்: பற்றறியில 14.1. இடப்பக்க டிம் 12.6. வலப்பக்க டிம் 11.4. எர்த் பக்கம் மட்டும் அளந்தால் இடது 0.9, வலது 2.1. இதுக்கு றிலே வயரிங் (பற்றறியில இருந்து நேர பல்ப்புக்குக் கரண்ட் குடுக்கிற மின்சுவிச்சு) போடவேணுமோ?

கறள்_எதிரி:

இப்பவே றிலேக்குப் போகாதேங்கோ. உங்கட எண்களைப் பாருங்கோ தம்பி: வலப்பக்கம் 2.7 வோல்ற் குறையுது, அதில 2.1 எர்த்தில. புது பல்ப் வலப்பக்கத்தில 60 வீத வெளிச்சம்தான் தருது. பொசிற்றிவ் பக்கம் ரெண்டுக்கும் 0.6, அது பெரிய குற்றமில்லை.

ஒண்டு மட்டும் முதல் நிச்சயப்படுத்துங்கோ. ஜப்பான் வடிவமைப்பு வாகனங்கள் பலதில டிம், ஹை பீம் மாறுறது எர்த் பக்கத்தால நடக்கும். பொதுத் தகட்டில எப்பவும் பொசிற்றிவ் நிக்கும். அப்பிடியெண்டால் நீங்கள் அளந்த எர்த் பக்கத்துக்குள்ள ஸ்ரியறிங் சுவிச்சும் சேர்ந்திருக்கு. லைற் டிம்மில எரியேக்க பொதுத் தகட்டில 13 காட்டினால் அந்த வகை, 1க்குக் கிட்டக் காட்டினால் சாதாரண வகை. ரெண்டு பக்கமும் ஒரே சுவிச்சால போறபடியால், வலதுக்கு மட்டும் கூடுதலா இருக்கிற 1.2 வோல்ற் அந்தப் பக்கத்து வயரிலயோ பிளக்கிலயோ போல்ற்றிலயோதான் இருக்கும்.

எர்த் வயர் பொடியில பூட்டுற போல்ற்றைக் கழட்டி, வளையத்தையும் பொடித் தகட்டையும் வோட்டர் பேப்பரால வெள்ளித் தகடு தெரியும்வரை தேயுங்கோ. வளையத்துக்குள்ள வயர் கறுத்திருந்தால் ஒரு அங்குலம் வெட்டிப் புது வளையம் நெரிச்சுப் போடுங்கோ. பல்லு வாசர் வைச்சு இறுக்கி, இறுக்கினாப் பிறகு மேல வசிலின் பூசுங்கோ. இறுக்க முன்னம் பூசக்கூடாது. உப்புக்காத்தைத் தடுக்கிறது அந்த மேல்பூச்சுத்தான். வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பியுங்கோ.

இதைச் செய்து பல்ப்பில 13 வந்தால் நிப்பாட்டுங்கோ. றிலே போட்டு 14.1ஐ முழுசாக் குடுத்தால் வெளிச்சம் 30 வீதமளவில கூடும், உண்மை. ஆனால் பல்ப்பின்ர ஆயுள் பாதிக்கும் கீழ போகும்.

எல்லாம் துப்புரவாக்கியும் 12.5க்கு ஏறாட்டித்தான் றிலே. பற்றறி பொசிற்றிவில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 30 அம்பியர் பியூஸ், அங்கயிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில றிலேயின்ர 30ஆம் காலுக்கு. 87ஆம் காலில இருந்து ஒவ்வொரு பல்ப்புக்கும் தனித்தனி 15 அம்பியர் பியூஸ். ரெண்டுக்கும் ஒரே பியூஸ் போட்டுக் குடுக்கிறவை இருக்கினம்; அது போனால் ஓட்டத்தில ரெண்டு லைற்றும் ஒண்டா அணையும், அப்பிடி விடாதேங்கோ. 85, 86 ரெண்டு காலையும் பழைய பிளக்கின்ர பொதுத் தகட்டுக்கும் டிம் தகட்டுக்கும் இடையில குடுங்கோ. இப்பிடிக் குடுத்தால் எந்த வகை வயரிங் எண்டாலும் றிலே இழுக்கும். கடையில வாற ஆயத்த வயர்க்கட்டு பலதில 85ஐப் பொடியில எர்த் பண்ணியிருக்கும். எர்த்தால மாறுற வாகனத்தில அது சரிவராது. ஹை பீமுக்கு இதேமாதிரி இன்னொரு றிலே.

வேலணை_வெளிச்சம்:

எல்.ஈ.டி.யைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. எச்4 எல்.ஈ.டி. எல்லாத்தையும் குப்பை எண்டு தள்ளேலாது. கரண்ட் குறைவு, வோல்ற் விழுந்தாலும் வெளிச்சம் விழாது. 6000 கெல்வின் நிறத்துக்காக நீலக் கண்ணாடி ஹலோஜன் மாதிரி வெளிச்சத்தை மறிக்கிறதில்லை. நல்லதைத் தெரிஞ்செடுத்தால் என்ன பிழை?

கைதடி_ஒளி:

நியாயமான கேள்வி. வெளிச்சம் போதாதெண்டதில்லை அங்க பிரச்சினை, அது புறப்படுற இடம்தான்.

எச்4 ஹலோஜனைக் கையில எடுத்து வடிவாப் பாருங்கோ. உள்ளுக்க ரெண்டு இழை. முன்னுக்கு நிக்கிற டிம் இழைக்குக் கீழ ஒரு சின்ன உலோகக் கரண்டி. அந்தக் கரண்டிதான் டிம் வெளிச்சம் றிப்ளெக்ரரின்ர கீழ்ப்பாதிக்குப் போகாம மறிக்குது. கீழ்ப்பாதியில பட்டால் அது மேல தெறிச்சு எதிர வாறவன்ர கண்ணுக்குப் போகும். எல்.ஈ.டி.யில இழை நின்ற அதே இடத்தில, அதே நீளத்தில சில்லு (வெளிச்சம் தாற சின்னத் துண்டு) இருக்கவேணும், கரண்டி இருக்கவேணும், ரெண்டு பக்கச் சில்லுக்கும் நடுவில இருக்கிற தகடு ரெண்டு மில்லிமீற்றருக்கு மேல தடிப்பா இருக்கக்கூடாது. வாங்க முன்னம் ஒரு ஹலோஜனைப் பக்கத்தில பிடிச்சு ஒப்பிட்டுப் பாருங்கோ. சில்லு முன்னப்பின்ன இருந்தால் அல்லது கரண்டி இல்லாட்டி விட்டிட்டு வாங்கோ.

அதோட, பின்னுக்கு இருக்கிற குட்டிக் காத்தாடி. அது றப்பர் மூடிக்குள்ள அடங்காது எண்டு மூடியைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் பூட்டினம். தூசியும் உப்பும் உள்ள போய்க் காத்தாடி இறுகும், இறுகினால் சில்லு சூடாகித் தன்ர வெளிச்சத்தைத் தானே குறைக்கும். பூட்டின அண்டு பளிச்செண்டு இருக்கும், ஆறு மாசத்தில ஹலோஜனை விட மங்கலாயிடும். எஃப்.எம். இரைஞ்சால் அதுவும் எல்.ஈ.டி.யின்ர மின்சுற்றால வாறதுதான்.

புறஜெக்ரர் லைற் (முன்னுக்கு உருண்டை வில்லை வைச்சது) இருக்கிற வாகனத்தில கதை வேற. அங்க மறிக்கிற தகடு லைற்றுக்குள்ளயே இருக்கிறதால கூசல் குறைவு. அல்டோ மாதிரி வெறும் றிப்ளெக்ரருக்கு நான் ஹலோஜன்தான் சொல்லுவன்.

மொறிஸ்_காவலன்:

இதோட என்ர கேள்வியையும் சேர்க்கிறன். மொறிஸ் மைனர், 7 அங்குல சீல்ட் பீம் (இழையும் கண்ணாடியும் ஒண்டா அடைச்ச லைற்). எச்4 போடுற கண்ணாடி லைற் வாங்கி மாத்தலாமோ? டைனமோ பழையதுதான். எல்.ஈ.டி. எண்டால் டைனமோவுக்குச் சுகம் எண்டு சொல்லினம்.

கறள்_எதிரி:

மாத்தலாம் ஐயா, 7 அங்குல எச்4 வட்டம் அப்பிடியே பொருந்தும். ஆனால் முதல் பற்றறியைப் பாருங்கோ: மொறிஸில பொசிற்றிவ்தான் எர்த்தில பூட்டியிருக்கும், ஒருத்தரும் மாத்தாட்டி. ஹலோஜனுக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான். எல்.ஈ.டி. தலைகீழாகக் குடுத்தால் எரியாது, சிலது அதோட செத்துப்போகும்.

லூகாஸ் சி40 டைனமோ முழுசாத் தந்தாலும் 22 அம்பியர். ரெண்டு ஹை பீமுக்கே 10க்கு மேல போகும், அதோட வைப்பரும் பின்லைற்றும். மெதுவா ஓடேக்க டைனமோ ஒண்டும் தராது, பற்றறிதான் குடுக்கும். அதால 60/55க்கு மேல போகவே வேண்டாம். அந்தக் காலத்துச் சுவிச்சைக் காப்பாத்த உங்களுக்கு றிலே கட்டாயம்.

கொடிகாமத்தான்:

வலப்பக்க எர்த் வளையத்துக்குள்ள வயர் பாதி அறுந்திருந்தது. வெட்டிப் புதுசு போட்டு, போல்ற்றையும் தேய்ச்சாச்சு. இப்ப வலது 13.0, இடது 13.1. லைற்றின்ர முன்கண்ணாடி சாடையா மஞ்சளிச்சிருக்கு. லைற்றின்ர உயரத்தையும் பார்க்கவேணும்போல.

சுன்னாகம்_ஸ்பனர்:

மஞ்சளிச்சதுக்குப் பற்பசை தேய்க்காதேங்கோ, ரெண்டு மூண்டு கிழமைதான் நிக்கும். சுத்திவர ரேப் ஒட்டி, தண்ணி விட்டு விட்டு வோட்டர் பேப்பர் 800, 1500, 2000 வரிசையில தேய்ச்சு, பொலிஷ் பண்ணி, கடைசியா வெயிலைத் தாங்கிற கிளியர் அடியுங்கோ. கிளியர் அடிக்காட்டி எங்கட வெயிலுக்கு அடுத்த சித்திரைக்குள்ள திரும்பவும் மஞ்சள்தான்.

உயரத்துக்கு: ரயர்க் காத்தைச் சரிபண்ணி, சாரதி சீற்றில ஒருத்தரை இருத்தி, சமதரையில ஒரு மதிலுக்கு நேர 5 மீற்றர் தள்ளி நிப்பாட்டுங்கோ. ஒழுங்கைக்குள்ள இடம் காணாது. கோயில் வெளிவீதி அல்லது மைதான மதில் நல்லது. லைற் கண்ணாடியின்ர நடு நிலத்தில இருந்து எவ்வளவு உயரமோ, அதை மதிலில ரேப்பால குறியுங்கோ. அதுக்கு 5 சென்ரிமீற்றர் கீழ இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின்ர மேல்விளிம்பு இந்தக் கீழ்க்கோட்டில நிக்கவேணும். ஒரு லைற்றை மட்டைத்துண்டால மூடிப்போட்டு மற்றதைச் செய்யுங்கோ.

மேல்விளிம்பு வலப்பக்கம் தட்டையா வந்து, லைற்றுக்கு நேர முறிஞ்சு, இடப்பக்கம் மேல ஏறவேணும். வீதியோரத்துச் சைக்கிளையும் மாட்டையும் காட்டுறது அந்த ஏற்றம்தான். வலப்பக்கம் ஏறுதெண்டால் அந்த லைற் வலப்பக்கம் ஓடுற நாட்டுக்குச் செய்தது, எந்தத் திருகாணியைத் திருப்பியும் சரிவராது. பழைய லைற்றுகள் வெளியில இருந்து எடுப்பிக்கிறவை இதைக் காசு குடுக்க முன்னம் கேளுங்கோ. பின்சீற்றில மூண்டு பேரோட, டிக்கியில சாமானோட போற நாளில வாகனத்தின்ர மூக்கு மேல எழும்பும். சாரதிப் பக்கத்தில உயரம் மாத்திற சில்லு இருந்தால் அண்டைக்கு ஒண்டு ரெண்டு இறக்கிவிடுங்கோ.